மொட்டு வந்தபின் சாடியைத் திருப்பக்கூடாது

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
கடற்காற்று விட்டுப்போன உப்பை
இலை இலையாய் ஈரத்துணியால் துடைக்கிறேன்.
முப்பத்தியொரு ஹோயா.
கொப்பியில் ஆளுக்கொரு பக்கம்:
தும்பு மாற்றிய திகதி, மாவுப்பூச்சி,
பூக்கவில்லை,
பூக்கவில்லை.

போன வருடம் மச்சாள் நிரோமி
பட்ட குச்சியென்று ஒன்றை நறுக்கிவிட்டாள்.
பழைய காம்பில்தான் அது மறுபடி பூக்கும்.
இரண்டு கிழமை
அவளோடு கதைக்கவில்லை.

இப்போது பதினேழாம் சாடியில்
கடுகளவு மொட்டுகள்,
குடைக்கம்பி விரிந்தமாதிரி.
இனி இடம் மாற்றினால் உதிரும்.

ஃபளீல் நானா கதவைத் தட்டுகிறார்:
"இந்த மாசத்தோட வீடு வேணும்."

பதினொரு நாள் கூடத் தாங்கோ என்றேன்.
ஏனாம்?
யன்னலைக் காட்டினேன்.

கிட்டப் போனார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
எண்ணத் தொடங்கினார்.