அறுபது இலக்கம்

பன்னிரண்டாம் நம்பர் மலையில்
கவ்வாத்து வெட்டின பக்கம் ஒரு பாறை.
அங்கே மட்டும்
சிக்னல் இரண்டு கோடு.

லயத்தில் பேச முடியாது.
நான் இருமினால்
அடுத்த காம்பராவில் கோடாலித்தைலம் தேடுவார்கள்.

நோர்வூட் போன் கடை இம்தியாஸ் சொன்னான்:
"படமும் குரலும் இங்கயே பொடிப்பொடியா உடையுதக்கா,
ரியாத்ல தங்கச்சிட போன்லதான் திரும்ப முகமாகும்.
நடுவுல கடல் இருக்கு, கம்பெனி இருக்கு,
ஒருத்தனுக்கும் விளங்காது.
இலக்கத்த மட்டும் பாத்துக்கோங்க.
ரெண்டு பக்கமும் ஒண்டா இருக்கோணும்."

அறுபது இலக்கம்.
ஐந்தைந்தாய்ப் பன்னிரண்டு கட்டு.

தராசில் இருபத்திரண்டு நின்றால்
துண்டில் பத்தொன்பது எழுதும் கையைப்
பதினாறு வருடமாய்ப் பார்க்கிறவள் நான்.
இரண்டு பக்கமும் ஒன்றாய் இருக்க வேண்டுமென்று
எனக்கா சொல்ல வேண்டும்?

வெள்ளி இரவுகளில்
சலவை மெஷின் உறுமும் அறையில் நின்று
சுகிர்தா வாசிப்பாள்.
டோர்ச் வெளிச்சத்தில் நான் துண்டைப் பார்ப்பேன்.
அட்டை காலில் ஏறும்.
குனிந்தால் கட்டு தவறிவிடும்,
ஏறட்டும்.

பிறகுதான் மற்றக் கதை.
பாஸ்போட் மேடத்தின் பீரோவில்.
சம்பளம் நாலு மாதம் பாக்கி.
மேடத்தின் மூத்த மகன்.

போன வெள்ளி, மெஷின் ஓடவில்லை.
அவள் வாசித்தாள்.
ஆறு கட்டும் பிசகாமல் வந்தன.
ஏழாவது, என் துண்டில்
நாலு, சைபர், ஏழு, ஒன்று, எட்டு.
அவள் வாயில்
நாலு, சைபர், ஒன்பது, ஒன்று, எட்டு.

போன் ஒன்றும் சொல்லவில்லை.
பூட்டுப் படம் பூட்டியபடியே இருந்தது.
நடுவில் யாருமில்லை, அது உண்மைதான்.
பக்கத்தில் யாரோ நின்றால்
ஏழாம் கட்டில் ஒன்றை மாற்றுவாள்.
அது இம்தியாஸுக்குத் தெரியாத பூட்டு,
நாங்கள் இருவரும் போட்டது.

"எல்லாஞ் சரியா இருக்கு புள்ள" என்றேன், உரக்க.
சாப்பிட்டியா என்றேன்.
ஆடு ரெண்டு குட்டி போட்டதைச் சொன்னேன்,
ஒன்று வெள்ளை, ஒன்றுக்கு நெற்றியில் பொட்டு.
பதினொரு நிமிடம்.
அவள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிந்தது.
வாயைப் பொத்தாமல் என் தங்கச்சி
சிரித்ததே இல்லை.

சனிக்கிழமை பிரட்டுக்குப் போகவில்லை.
திங்களும் போகவில்லை.
இரண்டு பேர் போச்சு.
ஹட்டன் கந்தோரில் மூன்றாவது கவுண்டர்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ வாயால எதுவும் சொல்லலையே.
ஆதாரம் என்ன?"

ஒன்பது, என்றேன்.