எல்லாக் கோப்புகளையும் நகர்த்தவா?

சி டிரைவின் பட்டை சிவந்து ஒரு வாரம் ஆயிற்று.
மீதம் நானூறு எம்பி.
கணினி திறந்து முடிப்பதற்குள்
ட்ராம் டிப்போ வரை நடந்து போய்த் திரும்பிவிடலாம்,
லியெபாயாவின் எதிர்காற்றிலும்கூட.

சம்பள நாளில் வாங்கி வந்தேன்:
இரண்டு டெராபைட், கருப்பு ரொட்டி ஒரு துண்டின் கனம்.
பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால்
தூசி, பூனை முடி,
ஐனார்ஸ் தொலைந்துவிட்டது என்று சத்தியம் செய்த திருகாணி.
இத்தனை வருடமும் விசிறிக்கடியில்தான் கிடந்திருக்கிறது.

இந்தக் கணினியில் இரண்டு பேர் குடியிருக்கிறோம்.
விஸ்மா என்றொரு கோப்புறை. அது நான்.
ஐனார்ஸ் என்று இன்னொன்று.
அவன் கார்க் நகரத்தில்
உறைமீன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
ஆளில்லாத அந்தப் பெயருக்குள் நூற்றுத் தொண்ணூறு ஜிபி.
வாடகை தராத குடித்தனக்காரன்.

முதலில் என்னுடையதை நகர்த்தினேன்.
வலது சொடுக்கு. பண்புகள். இருப்பிடம்.
அவசரத்தில் அறையைக் காட்டாமல்
டிரைவின் வாசலையே காட்டிவிட்டேன்.
அவ்வளவுதான், டி டிரைவ் மொத்தமும்
'படங்கள்' என்று பெயர் மாற்றிக்கொண்டு நின்றது.
திரும்பிப் போ என்றால் போகவில்லை.
பதிவேட்டுக்குள் இறங்கி, மூச்சைப் பிடித்து,
ஒரே ஒரு வரியைத் திருத்தி மீட்டேன்.
அதற்குள் நான் சொன்ன வார்த்தைகளைப்
பூனை மட்டும் கேட்டது.

பிறகு அவனுடையது.
கடவுச்சொல் தெரியும்: அவனுடைய முதல் மோட்டார் சைக்கிள்,
ஒட்டிக்கொண்டு ஒரு எழுபத்தேழு.

'பழைய இடத்தில் உள்ள எல்லாக் கோப்புகளையும்
புதிய இடத்துக்கு நகர்த்தவா?'
ஆம். இல்லை. ரத்து.
ரீகா விமான நிலையத்தில், அந்த மார்ச்சில்,
எங்களை யாரும் இவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

பச்சைக் கோடு ஊர்ந்தது.
மீன்பிடி உரிமம். கார் காப்பீடு.
பள்ளி நாடகத்தில் காளானாக நின்ற ரோலன்ட்ஸ்,
பதினேழு படம், பதினேழிலும் கண்ணை மூடிக்கொண்டு.
எனக்குத் தெரியாதது எதுவும் போகவில்லை.
அது ஏமாற்றமா நிம்மதியா என்று புரியாமல்
தேநீர் வைக்க எழுந்தேன்.

தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றுவிட்டது.
'இந்தக் கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறது.
மூடிவிட்டு மீண்டும் முயல்க.'
கோப்பின் பெயர்: கூரை.

திரையில் இருந்த ஜன்னல்களை எல்லாம் மூடினேன்.
பாட்டை நிறுத்தினேன்.
வீட்டில் விழித்திருந்தது நானும் குளிர்பெட்டியும்.
மீண்டும் முயன்றேன்.
திறந்திருக்கிறது.

அவன் கைபேசியோடு இந்தக் கோப்புறையைக் கட்டிவைத்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
சும்மா பார்க்கத் திறந்தேன்.
தகரம், மரச்சட்டம், ஆணி, சாரத்துக்கு வாடகை.
'வாளி இரண்டு: பரணில் ஏற்கெனவே இருக்கிறது.'
நாற்பத்தோராவது வரியில்
என்னுடையதல்லாத ஒரு ஊதாக் கர்சர் துடித்தது.
இங்கே பன்னிரண்டரை. அங்கே பத்தரை.
ஆள்கூலி எண்ணூறு என்று இருந்ததை அழித்தான்.
எழுநூற்றைம்பது.
அழித்தான்.
வெகுநேரம் வெறும் கட்டம்.
பிறகு 'நானே' என்று எழுதினான்.
அதையும் அழித்தான்.

'தவிர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
நாற்பதாயிரம் கோப்பு போய்ச் சேர்ந்தாயிற்று,
ஒன்று போகாவிட்டால் என்ன.
விரல் அதன்மேல்தான் இருந்தது.
தேநீர் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது.

கைபேசியை எடுத்து அனுப்பினேன்:
'ஐனார்ஸ், கூரையை மூடு.
என்னால் நகர்த்த முடியவில்லை.'

மூன்று புள்ளிகள் வந்தன, போயின, வந்தன.

'ஏன்,
அங்கே மழையா?'