எடைமேடை

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
பைஜுவின் எடைமேடையில் சீட்டு அடிப்பவள் நான்.
இளநீர், வைக்கோல், கறிக்கோழி,
தார்ப்பாய்க்குள் என்னவென்று சொல்லாத லோடு.
ஏற்றிய எடை, வெறும் வண்டி எடை,
கழித்தால் சரக்கு.
அதற்கு மேல் கணக்கு எனக்குத் தேவைப்பட்டதில்லை.

முதலில் கண்டுபிடித்தவர்கள் லாரிக்காரர்கள்தான்.
டீசல் புகை தாளாமல் சன்னலைச் சாத்தியதைப் பார்த்து
மறுவாரமே ஒருவர்
நூறு ரூபாய்த் தாளோடு நாலு மாங்காய் நீட்டினார்.
"லோடுல எடுத்ததுதானுங்க. எடையில கழிச்சுக்குங்க."
மயிலானந்தனுக்கு அன்று இரவுதான் சொன்னேன்.
நார் மில் தூசி போக மூன்று முறை கை கழுவி வந்து
வயிற்றில் வைக்கத் தயங்கி
தோளில் வைத்தான்.

இரும்பு மாத்திரை நாக்கில் ஆணியாய்க் கிடக்கும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
ஏப்பத்துக்குக்கூட எழுந்து உட்கார வேண்டும் என்றும்.

வண்டி வராத ஒரு மதியம்
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது.
எட்டாம் மாதமும் நின்றேன்.
அறுபது.
இருபது இருபதாகத் தாவும் இயந்திரம் அது.
நடுவில் இருப்பதை விழுங்கிவிடும்.
உள்ளே ஒருத்தி குப்புறப் புரண்டாள்,
சட்டை பக்கவாட்டில் புடைத்து அடங்கியது.
சிவப்பு எண் அசையவே இல்லை.

வலி கண்ட இரவில்
டவர் எந்தப் பக்கமோ, 108 மலையாளத்தில் எடுத்தது.
பொள்ளாச்சியா சித்தூரா என்று
நாங்கள் முடிவு செய்வதற்குள்
ஆம்புலன்ஸ் வண்ணாமடை தாண்டிவிட்டது.
"வேதன உண்டோ?" என்றார் ரெஜினா சிஸ்டர்.
எங்கள் பக்கம் அது மனசுக்குச் சொல்வது.
உண்டு என்றேன், இரண்டுக்கும் சேர்த்து.
பிறகு அவர் "முக்கு, முக்கு" என்றபோது
மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

இரண்டு கிலோ எழுநூற்று நாற்பது.
மார்பில் கொண்டுவந்து வைத்தார்கள்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
பால் வரவில்லை, அழுகை வரவில்லை.
வேறு யாருடைய சீட்டையோ
என் கையில் திணித்ததுபோல இருந்தது.
மயிலானந்தன் வார்டு வாசலில் நின்று
யார் யாருக்கோ போன் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மார் கல்லாகிக் காய்ச்சல் வந்தது.
வீட்டுக்கு வந்தோம். அவள் தூங்கவில்லை.
தொட்டிலில் இல்லை, மடியில் இல்லை,
விடிய விடிய அவளைத் தூக்கி நடந்து
தாலாட்டு தெரியாத அவன்
"ஒரு மட்டை, ரெண்டு மட்டை" என்று
நூற்றைம்பதுவரை எண்ணுவான்.
எண்பதுக்கு மேல் அவன்தான் தூங்கி விழுவான்.

நாற்பத்தோராம் நாளோ என்னவோ,
தெருமுனையில் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று
வழி தெரியாமல் நின்று உறுமியது.
அவள் கைவிரல் ஒவ்வொன்றாய் விரிந்தது.
வாய் திறந்து
அப்படியே உறங்கிப்போனாள்.
அடிப்பாவி, என்றேன்.
நீயும் ஒன்பது மாசம் என்னோடு
வேலைக்கு வந்தவள்தானே.
பால் தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்தது.
அப்போதுதான் அழுதேன்,
சத்தம் போடாமல், அவள் எழுந்துவிடக் கூடாதென்று.

ஆறாம் மாதம் வேலைக்குத் திரும்பியபோது
அவளையும் தூக்கிக்கொண்டு மேடையேறினேன்.
எண் ஒரு நொடி தடுமாறியது.
எண்பது.
பைஜு பார்ப்பதற்குள் சீட்டு அடித்தேன்.
வண்டி எண் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
சரக்கு என்ற இடத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல்
மாங்காய் என்று போட்டேன்.
அவள் அதைப் பிடுங்கி வாயில் வைத்தாள்.

பின்னால் வைக்கோல் லாரிக்காரன் பொறுமையிழந்து
ஹாரனை நீளமாக அமுக்கினான்.
சீட்டை உறிஞ்சியபடியே
கண் சொருகினாள்.