பூஜ்ஜியம் ஏழு பூஜ்ஜியம்

பதினோராவது டோக்கன்காரியின் பெயர் எரிக்னாஸ்.
ஊர் மார்த்துனி.
கடவுச்சீட்டை மேசையில் வைக்கிறாள்,
உட்காரச் சொல்லும்வரை நிற்கிறாள்.

அட்டை என்னுடையதைப் போலத்தான்,
அதே கழுகு, அதே சிங்கம்.
வழங்கிய அலுவலகம் என்ற இடத்தில் மட்டும்
மூன்று இலக்கம்: 070.
இரண்டு பூஜ்ஜியங்களுக்கு நடுவே
மாட்டிக்கொண்ட ஓர் ஏழு.
"இதை வைத்துப் பயணம் போகலாம்,
குடிமகள் என்று சொல்ல முடியாது"
என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம்.
காலையிலிருந்து பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன்.
வாய்க்குப் பழகிவிட்டது,
கண்தான் இன்னும் படிவத்தையே பார்த்துக்கொள்கிறது.

அவள் பேச்சு எனக்குப் பாதி புரியாது.
நான் அலெப்போக்காரி.
யெரெவானுக்கு வந்த முதல் வாரம்
முட்டையை எங்கள் சொல்லில் கேட்டேன்: ஹவ்கித்.
கடைக்காரன் விழித்தான்.
கடைசியில் கொக்கரித்துக் காட்டித்தான் ஒரு டஜன் வாங்கினேன்.
ஒரே இனம், ஒரே எழுத்து,
முட்டை மட்டும் இரண்டு.
அதனால் இவளும் நானும்
டிவிச் செய்தியின் மொழியில் பேசிக்கொள்கிறோம்,
இரவல் செருப்பு போட்டவர்களைப் போல.

திருமண நிலை?
"பெட்ரோல் வரிசையில் நின்றார்."
காத்திருக்கிறேன்.
அவ்வளவுதான் பதில்.
படிவத்தில் நான்கு கட்டங்கள்.
எதன் மேலும் பேனா இறங்கவில்லை.

தற்போதைய முகவரி?
மாசிஸில் ஓர் அறை, அவளும் பிள்ளைகளும் ஒரு கொழுந்தனும்.
வீட்டுக்காரர் வாடகை வாங்குவார், பெயரைப் பதியமாட்டார்.
பதிந்தால் வரி கட்ட வேண்டும்,
பதிந்தால் இவள் போகவே மாட்டாள்.
பதியாவிட்டால் உதவித்தொகை இல்லை.

என் இழுப்பறையில் அண்ணன் வீட்டுச் சாவி.
ஐந்தாம் மாடி, இரண்டு படுக்கையறை.
பார்கேவ் கிளெண்டேலில் இருக்கிறான்.
"தாய்நாட்டில் நமக்கென்று ஒரு கூரை" என்று வாங்கிப் போட்டான்,
நான்கு வருடத்தில் பதினேழு நாள் தங்கினான்.
அடுப்பின் பிளாஸ்டிக் உறையை
இன்னும் யாரும் கிழிக்கவில்லை.
ஞாயிறுதோறும் போய்க் குழாயைத் திறந்துவிட்டு
துருத் தண்ணீர் போகும்வரை நிற்பது என் வேலை.
ஏப்ரல் வந்தால் காரில் கொடி கட்டி ஊர்வலம் போவான்,
தொண்டை கட்டும்வரை கத்துவான். உண்மையாகவே அழுவான்.
நேற்றிரவு போனில் கேட்டான்:
நம் மக்களுக்கு உங்கள் அரசாங்கம் என்னதான் செய்கிறது?
நம் மக்கள்.
உங்கள் அரசாங்கம்.

எழுதுகிறேன்: தெரு, கட்டட எண், ஐந்தாம் மாடி.
உரிமையாளர் சம்மதம் என்ற இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறேன்.
அவன் தந்த அதிகாரப் பத்திரம் என்னிடம் உண்டு,
தண்ணீர்க் கட்டணம் செலுத்துவதற்காக.
இதற்கும் செல்லுமா, தெரியாது.
முத்திரை குத்துகிறேன்.

எரிக்னாஸ் சாவியைப் பார்க்கிறாள், தொடவில்லை.
குடியுரிமை விண்ணப்பத்தை நகர்த்துகிறேன்.
"இதில் கையெழுத்துப் போட்டால்
நான் அந்த ஊர்க்காரி என்பது
அத்தோடு முடிந்ததா?"
சட்டப்படி, என்று ஆரம்பித்தேன்.
சட்டம் பெரிய வாக்கியம். பாதியில் செருப்பு கடித்தது.

அவள் தாளை நாலாக மடித்தாள்,
070 இருக்கும் பக்கத்தில் செருகினாள்.
கையெழுத்துப் போடவில்லை.
பிறகு சாவியை எடுத்துக்கொண்டாள்.

"உங்கள் அண்ணனுக்குத் தெரியுமா?"
"ஏப்ரலில் சொல்கிறேன்."

சிரிக்கவில்லை.
வாசல்வரை போய்த் திரும்பி
தன் ஊர்ப் பேச்சில் ஏதோ கேட்டாள், வேகமாக.
புரியவில்லை.
இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சம்.
தலையாட்டினேன்.
எதற்குச் சம்மதித்தேன் என்று
ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

பன்னிரண்டு.