ராயக்கோட்டைப் பக்கம்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பழைய புத்தகக் கடையில்
மூன்று வழிகாட்டி நூல்கள் என் முன்னால்.
போகப்போவது அஞ்செட்டிக் காடு.
ஆனாலும் மூன்றிலும் நான் திருப்புவது
ராயக்கோட்டைப் பக்கம்.
அந்தக் குன்று எனக்குத் தெரியும்.
தெரிந்த இடத்திலேயே புளுகினால்
தெரியாத காட்டில் என்னத்தைச் சொல்லும்?

வழவழத் தாளில் முதல் நூல்:
"குடும்பத்தோடு ஏறலாம், அரைமணி நேரம்."
யார் குடும்பம்? வரையாடா?

இரண்டாவதில் படமே வேறு மலை.

மூன்றாவது சாணித்தாள். முதல் பத்தியிலேயே ஏழு பிழை.
"படி முடிஞ்ச இடத்தில் பாறை வழுக்கும், செருப்பைக் கழட்டு.
சுனைக்கு மேலே தேன்கூடு, சத்தம் போடாதே."
என் முழங்கால் தழும்பைப்
பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

அறுபது ரூபாய். பேரம் பேசவில்லை.

வரைபடம் ருத்ரம்மாவின் பொறுப்பு.
சர்வே தாளின் கலர் நகலை
டீக்கடை பெஞ்சில் விரித்திருக்கிறாள்.
ஓடையெல்லாம் நீலம்.
"ஏப்ரலில் ஏதுடி நீலம்?"
பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தவள்
ஒன்றில் மட்டும் நிற்கிறாள்.

ஆளுக்கு நாலு லிட்டர் தூக்கிடலாம் என்கிறேன்.

அதையும் அடிக்கிறாள்.