இருபது கிலோவுக்குக் கீழே

லாரி ஏறுகிறது, எடைமேடை முனகுகிறது.
இருபத்தெட்டு டன் நானூறு.
வண்டியின் எடை போனால் மிச்சம் மண்.
எழுதிக்கொள்கிறேன்: மண், வெளியே.
மூடிக் கிடக்கும் கித்தா ஆலையிலிருந்து
இப்போது மண் ஏற்றுமதி என்று
ஹாஃபிஸ் கேலி செய்கிறான்.
தார்ப்பாயை இறுக்கிக் கட்டு என்கிறேன்.
போன வாரம் பள்ளிக்கூட வளைவில்
கொஞ்சம் சிந்திவிட்டது.

இதே மேடையில்தான் ஒரு காலத்தில்
பால் டாங்கியை நிறுத்துவார்கள்.
தண்ணீர் கலந்திருக்கும் என்று கழிப்பார்கள்.
எவ்வளவு தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை.
நானும்தான். நான் ஆபீஸ் பெண்,
தட்டச்சு, மாதம் இருநூற்றுப் பத்து வெள்ளி.

ஷூ லின் ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறாள்.
மூக்கை மண்ணில் வைத்து விசையை அழுத்தினால்
முப்பது விநாடியில் எண் வருகிறது.
கட்டம் போட்ட அவளுடைய வரைபடத்தில்
அமிலத் தொட்டி சிவப்பு,
புகைக்கூண்டு மஞ்சள்,
பூப்பந்து மைதானம் வெள்ளை.
வெள்ளை என்றால் நல்ல மண்.
தோண்டப் பணமும் ஒதுக்கவில்லை.

ஒன்பது வாரம்
அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தேழாம் ஆண்டு.
கிழட்டுப் பால் மரங்களைக் கொல்ல வாங்கிய மருந்து
மிஞ்சிப்போனது.
பெரிய கிராணி சாமுவேல் சொல்லச் சொல்ல அடித்தேன்:
நாற்பத்திரண்டு பீப்பாய்கள் முறைப்படி அகற்றப்பட்டன.
மூன்று பிரதி.
கார்பன் தாளின் நீலம் விரலில் ஒட்டிக்கொண்டது.
சன்னலுக்கு வெளியே, மைதானத்தின் ஓரமாய்,
தண்டலின் ஆட்கள் ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தார்கள்.
நான் பசியாறப் போனேன்.

சொன்னதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.
மழைக்கு என் கூண்டில் ஒதுங்கினாள்.
பிஸ்கட் டின்னை நீட்டினேன்.
ஆன்ட்டி, இங்கேயே பிறந்தவரா, என்று கேட்டாள்.
ஆமாம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

வெள்ளைக் கட்டத்தில் ஆலம்கீரின் மண்வாரி இறங்கியது.
புதைத்தபோது நீலம்.
வெளியே வந்தபோதும் அதே நீலம்.
நரைத்தது நாங்கள்தான்.
எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள்.
முப்பத்தேழு.

மற்ற ஐந்தும் எங்கே?
ஷூ லின் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை,
தாளைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்குத் தெரியும்.
நல்ல பீப்பாய்கள், மூடியோடு,
அன்றைக்கு அவற்றுக்கு ஒரு விலை இருந்தது.
தனபாக்கியம் வீட்டில் கூரைத் தண்ணீர் பிடித்தது ஒன்று.
சலவைக்கடையில் ஒன்று.
தீமிதி அன்று மோர் கலக்கியது இன்னொன்றில்;
ஊரே குடித்தது, வெயில் அப்படி.
ஒன்று போன இடம் இன்னும் நினைவுக்கு வரவில்லை.
ஒன்று எங்கள் குளியலறையில்.
சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கழுவினோம்.
மூன்று தடவை.
இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று விடிவதற்கு முன்னால்
அதைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன்.
கொட்டிய பிறகுதான் யோசித்தேன்,
எங்கே கொட்டினேன் என்று.
தள்ளுவண்டியில் கொண்டுவந்து
மேடையின் நடுவில் இறக்கி வைத்துவிட்டு
கூண்டுக்குள் ஓடி எண்ணைப் பார்த்தேன்.

சுழியம்.

இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்கு எதுவும் கனமில்லை.

படிவத்தில் வண்டி எண், ஓட்டுநர் பெயர், எடை
எல்லாம் காலி.
குறிப்பு என்ற இடத்தில்
'ஒன்று, என் வீட்டிலிருந்து' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன். குணவதி.
இன்னும் நான்கு.

வெளியே ஹாஃபிஸ் ஹாரன் அடிக்கிறான்.
பீப்பாய் வழியை மறிக்கிறதாம்.