சீட்டில் இல்லாத வரி

டிசம்பரில் நார்வா மூன்றரைக்கே இருட்டிவிடும்.
ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கோட்டை,
அந்தக் கரையில் இன்னொரு நாட்டின் கோட்டை.
மூடிப்போன நூற்பாலைக்குப் பின்னால்
இளைஞர் மையத்தின் மாடியில்
ஒன்பது பெண்கள் நாங்கள்.
ஒரே ஒரு ஹீட்டர்தான் வேலை செய்கிறது,
அதனால் எங்கள் வட்டம் எப்போதும்
ஒரு பக்கம் கோணல்.

செவ்வாய்தோறும் தாலினிலிருந்து ரயிலேறி வருகிறாள் கெர்ஸ்தி.
எங்கள் ரஷ்ய மொழியைப்
பனி உறைந்த படிக்கட்டில் இறங்குகிறவள்போல
ஒவ்வொரு சொல்லாகப் பேசுவாள்.
சிரிப்போம். அவளும்தான்.

இன்று சீட்டு விளையாட்டு.
மறுக்கப் பழகுவோம் என்று தலைப்பு.
ஒருத்தி நீட்ட வேண்டும், ஒருத்தி மறுக்க வேண்டும்.
மாத்திரைக்குப் பதில் ஆரஞ்சு மிட்டாய்.

வசிலிசா சொன்ன வேண்டாம்
கடையில் பை வேண்டாம் என்பதுபோல இருந்தது.
மிலேனா மிட்டாயைத் தின்றே விட்டாள்.

பிறகு அக்லாயா. நீட்டுகிறவள்.
சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நாற்காலியை என் பக்கம் இழுத்தாள்.
குரலைத் தாழ்த்தினாள்:
"கஷ்டமா இருக்குன்னு தெரியும்.
பாதி மட்டும் போடு.
நீ தூங்குற வரைக்கும்
பக்கத்துலயே இருப்பேன்."

என் சீட்டில் அச்சடித்திருந்தது:
நன்றி, எனக்கு விருப்பமில்லை.

வாயில் வரவில்லை.
அந்த வாரம் முழுக்க
அவ்வளவு அன்பாக யாரும் என்னிடம் பேசியிருக்கவில்லை.

ஹீட்டர் டிக் டிக்கென்றது.
கெர்ஸ்தி சீட்டுகளைச் சேர்த்து
ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தாள்.
ஆறே முக்கால் ரயில் அவளுக்கு.
மணி ஆறே முக்கால்.
உட்கார்ந்தே இருந்தாள்.

நான்தான் கேட்டேன்,
"உனக்கு இப்படி யார் சொன்னாங்க?"

அக்லாயா மிட்டாய்த் தாளை
நான்காக, எட்டாக மடித்தாள்.
அதற்குமேல் மடியாதபோது
"அக்கா" என்றாள்.

அன்று யாரும் தனியாகப் போகவில்லை.
பனியில் ஒவ்வொரு வாசலாக
ஒருத்தி ஒருத்தியாகக் குறைந்து
கடைசியில் நாங்கள் இருவர்.
அவளுடைய வரியில் பாதியை மட்டும்
நான் எடுத்துக்கொண்டேன்:
"பக்கத்துலயே இருப்பேன்."

மூன்றாம் மாடி.
கதவைத் திறந்தது அக்காதான்.
மெலிந்த மணிக்கட்டு, என் வயதுக்கு நான்கைந்து கூட.
என் காலணிப் பனியைப் பார்த்தாள்.
"உள்ள வா. நடுங்குறியே" என்றாள்
அதே தாழ்ந்த குரலில்.

தேநீர் வைத்தாள்.
வெறும் தேநீர்தான்.
மூன்று பேரும் குடித்தோம்.